கிண்டிக்குப் படகு வர எவ்வளவு நேரம்?

29,000. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாற்றில் விநாடிக்குத் திறந்துவிடப்பட்ட கன அடி அது. அன்று சென்னையில் இருந்தவர்களுக்கு இந்த எண் இன்றும் மனப்பாடம். ஆனால் கன அடி என்பது கண்ணுக்குப் பிடிபடாத அளவு. பழகிய அளவில் மாற்றிப் பார்ப்போம். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக, விநாடிக்கு 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். கோடையில் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துச் சொன்னால் விநாடிக்கு 68 லாரி, நிமிடத்துக்கு 4,100 லாரி. இது ஏரியின் பங்கு மட்டும். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கமிருந்து வந்த தண்ணீர் தனி.

வானத்திலிருந்து வந்ததும் தனி. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 34.5, நுங்கம்பாக்கத்தில் 29. கிண்டி மீனம்பாக்கத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. மீனம்பாக்கத்து அளவை வைத்துக்கொண்டால், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனை ஒரே நாளில் 77,000 லிட்டர் மழையை வாங்கியது. வாங்கி வைக்க மண்ணில் இடமில்லை. நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்து முடித்திருந்தது. 1918 நவம்பரில் பதிவான 1,088 மி.மீ.க்குப் பிறகு அந்த மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை.

தண்ணீரின் கணக்கைப் பலர் எழுதிவிட்டார்கள். 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, இது மனிதர்களால் நேர்ந்த பேரழிவு என்றே சொல்லிவிட்டது. எனக்கு வேறொரு பேரேட்டை எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். உதவியின் பேரேடு. எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, யார் செலவில் வந்தார்கள். வெள்ளத்தில் மாடியில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள்: "மிலிட்டரி வந்துட்டாங்க."

இரண்டு ஸ்டேஷன் தூரம்

கிண்டியில் மெட்ரோ ஏறினால் அடுத்தது ஆலந்தூர், அதற்கடுத்தது நங்கநல்லூர் சாலை. அந்த ஸ்டேஷனின் பெயரோடு ஓ.டி.ஏ. என்ற மூன்றெழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிதான் அது.

இந்தப் பகுதிக்கும் ராணுவத்துக்கும் உறவு பழையது. மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை 1758இல் வைத்து எண்ணுகிறது; இந்திய ராணுவத்தின் காலாட்படைகளில் மூத்தது என்ற பெருமை அதற்கு உண்டு. பாலம் கட்டுவது, பாதை போடுவது, சுவரை உடைப்பது என்று கைவேலை செய்யும் மதராஸ் சாப்பர்ஸ் 1780இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியது. 1774 முதல் பரங்கிமலை கண்டோன்மெண்ட். 1794இல் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. நிலத்தை அளக்கவும் ஆற்றைத் தாண்டவும் ஆள் தேவைப்பட்ட காலத்தில் இந்த ஊர் இரண்டையும் கற்றுக்கொடுத்தது.

1962இல் சீனாவோடு நடந்த போரில் அதிகாரிகள் போதவில்லை என்பது வெளிப்பட்டது. அவசரமாக அதிகாரிகளை உருவாக்க 1963 ஜனவரியில் புனேயிலும் சென்னையிலும் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். புனே பள்ளி 1964இல் மூடப்பட்டது. சென்னைப் பள்ளி நின்றது. 1988 ஜனவரி 1 முதல் அதற்கு இன்றைய பெயர். பயிற்சிக் காலம் 49 வாரம். 1992 செப்டம்பரில் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தார்கள், எண்ணிக்கை 25. அந்த 25 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பாலத்தில் அதைத் திரும்பச் சந்திப்போம்.

வெள்ளக் கணக்கில் ஒரு விஷயம் முக்கியம். அகாடமி என்பது பள்ளிக்கூடம். படகும் இயந்திரமும் மீட்பு ஆட்களும் அங்கே வரிசையாக நிற்பதில்லை. 2015இல் ஆட்களும் படகுகளும் கோட்டைப் பக்கமிருந்தும், தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்தும், அரக்கோணத்திலிருந்தும், விசாகப்பட்டினத்திலிருந்து கடல் வழியாகவும் வந்தன. கடற்படையின் ஐ.என்.எஸ். ஐராவத் கப்பல் முக்குளிப்பவர்களோடும் நிவாரணப் பொருட்களோடும் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது டிசம்பர் 3ஆம் தேதி. ஆற்றில் தண்ணீர் ஏறியது 1ஆம் தேதி இரவு.

இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. விதி அப்படி இருக்கிறது. ராணுவம் தானாகக் கிளம்பி வராது, வரவும் கூடாது. மாவட்ட ஆட்சியரோ மாநில அரசோ கேட்க வேண்டும். உள்ளூர் நிர்வாகத்தின் கையிருப்பு தீர்ந்த பிறகு கடைசியாக வருவதும், நிலைமை சீரானதும் முதலில் விலகுவதும் ராணுவத்தின் ஒழுங்கு. மக்களாட்சிக்கு அது நல்ல ஒழுங்கும்கூட. ஆனால் உள்ளூர் கையிருப்பு பூஜ்யமாக இருந்தால் கடைசியாக வர வேண்டியவரையே முதலில் எதிர்பார்த்து நிற்கிறோம். 2015இல் நடந்தது அதுதான்.

அந்த இரவில் இன்னொரு கணக்கும் இருந்தது. அரசின் தலைமைச் செயலகமும் எழிலகத்துக் கட்டுப்பாட்டு அறையும் அடையாற்றுக்கு வடக்கே. கிண்டி, பரங்கிமலை, விமான நிலையம், தாம்பரம் எல்லாம் தெற்கே. இரண்டையும் இணைக்கும் மறைமலை அடிகள் பாலத்தையும் கோட்டூர்புரம் பாலத்தையும் 2ஆம் தேதி மூட வேண்டியதாயிற்று. சைதாப்பேட்டையில் அந்த இடத்தில் முதல் பாலத்தைக் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், 1726இல், தன் சொந்தப் பணத்தில். ஏறத்தாழ 290 ஆண்டுக்குப் பிறகும் நகரத்தின் இரண்டு பாதிகளும் அதே இடத்தை நம்பியிருந்தன. விமான நிலையம் 1ஆம் தேதி இரவு மூடியது. பயணிகள் விமானங்கள் மெல்லத் திரும்பியது 6ஆம் தேதி. நடுவில் அரக்கோணத்தில் இருக்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி ஓடுபாதையில் பயணிகள் விமானங்கள் இறங்கின. போருக்காகக் கட்டிய 4 கிலோமீட்டர் நீள ஓடுபாதை, சூட்கேஸும் குழந்தையுமாக நின்ற குடும்பங்களுக்கு வாசலாயிற்று. 1878இல் தொடங்கிய தி இந்து நாளிதழ், ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியாததால் டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை.

ஈக்காட்டுத்தாங்கலை ஒட்டி ஆற்றோரமாக ஒரு டிஃபென்ஸ் காலனி இருக்கிறது. ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் வீடு கட்டிக் குடியேறிய இடம். அங்கே ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும் அவருடைய மனைவியும் வீட்டுக்குள்ளேயே வெள்ளத்தில் இறந்தார்கள். நாட்டின் எல்லைகளில் வாழ்நாளைக் கழித்தவர், அகாடமியின் சுற்றுச்சுவரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சொந்த வீட்டில். டிசம்பர் 3ஆம் தேதி மக்களவையில் உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் தமிழ்நாட்டின் இறப்புக் கணக்காகச் சொன்னது 269. பிறகு அது மேலும் ஏறியது. அந்த 269ஐப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருவர்தான் முன்னால் வருகிறார்கள்.

ஆரஞ்சு உடை

மாடியில் நின்றவர்கள் "மிலிட்டரி" என்று கைகாட்டிய பலர் ராணுவத்தினர் அல்லர். ஆரஞ்சு உடையில் வந்தவர்கள் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் போன்ற துணைப் படைகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். உள்துறையின் கீழ் வருபவர்கள். இந்தப் படை ஏன் பிறந்தது என்பதற்குக் கடலோரத் தமிழர்களுக்குப் பதில் தெரியும்.

2004 டிசம்பர் 26, இந்திய நேரப்படி காலை 6.28க்குச் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. அலை நம் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒரு தொலைபேசிச் செய்தி எல்லாக் குப்பங்களுக்கும் போய்ச் சேர அது தாராளமான நேரம். செய்தி போகவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். மீட்க வேண்டியவர்களே மீட்கப்பட வேண்டியவர்களாக இருந்த நாள் அது.

அதன் பிறகு படைகள் செய்தது பெரிய வேலை. தமிழக, ஆந்திரக் கரைக்கு 'மதத்', அந்தமானுக்கு 'சீ வேவ்ஸ்', இலங்கைக்கு 'ரெயின்போ', மாலத்தீவுக்கு 'காஸ்டர்', இந்தோனேசியாவுக்கு 'கம்பீர்' என்று ஒரே நேரத்தில் ஐந்து நடவடிக்கைகள். அண்டை நாடுகளுக்கு மட்டும் 32 கப்பல்கள், 5,500 படையினர். தன் கரையிலேயே பிணங்கள் ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, அன்றைய தினமே இலங்கைக்கு உதவி கிளப்பிய கடற்படை அது. திருகோணமலையிலும் காலியிலும் இந்தியக் கப்பல்கள் வந்து நின்றதை ஈழத்தில் இன்னும் சொல்வார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து மூன்று செலவுகள் பிறந்தன. 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம். 2006இல் எட்டு பட்டாலியன்களோடு மீட்புப் படை. 2007 அக்டோபரில் ஹைதராபாதில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம். அதன் செலவு 125 கோடி ரூபாய். இரண்டரை மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க ஒரு நாடு கொடுத்த விலை 125 கோடி. இந்தப் பேரேட்டில் நான் மறுயோசனை இல்லாமல் டிக் போடும் ஒரே வரி இதுதான்.

மீட்புப் படையில் இப்போது 16 பட்டாலியன்கள். ஒவ்வொன்றிலும் 1,149 பேர். 45 பேர் கொண்ட 18 குழுக்களாகப் பிரிந்து போவார்கள். பெருக்கினால் 18,384 பேர். 140 கோடி மக்களுக்கு. ஒரு மீட்பு வீரருக்கு 76,000 பேர். நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் அரக்கோணத்திலிருந்து கிண்டி ஏறத்தாழ 70 கிலோமீட்டர், அதுவும் சாலை இருக்கிற நாளில்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ரப்பர் படகில் ஓட்டுபவர் போக எட்டுப் பேர் ஏறலாம் என்று வையுங்கள். தெருவுக்குள் போய், ஏற்றி, மேட்டில் இறக்கித் திரும்ப அரை மணி நேரம். பகல் வெளிச்சம் பத்து மணி நேரம். ஒரு படகு ஒரு நாளில் 160 பேரைக் கரை சேர்க்கும். பத்துப் படகுகள் ஒரு மணி நேரம் தாமதமானாலும் அதே 160 பேர் இன்னும் ஒரு மணி நேரம் மாடியில் நிற்பார்கள். இருட்டிவிட்டால் அவர்களுக்கு அது பன்னிரண்டு மணி நேரம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கும் பிரசவ நாள் நெருங்கியவருக்கும் அந்தப் பன்னிரண்டு மணியின் நீளம் வேறு.

பில்

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் கடற்படையின் 'மதத்' நடவடிக்கை 16,843 பேரை மீட்டது. அதே வெள்ளத்தில் கொல்லம், திருவனந்தபுரம், ஆலப்புழைப் பக்கத்து மீனவர்கள் 4,537 பேர் 669 படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து 65,000 பேரை மீட்டார்கள். அவர்களுக்கு மாநில அரசு அறிவித்தது படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும்.

படகோட்டியையும் பைலட்டையும் தராசில் வைக்க நான் இதைச் சொல்லவில்லை. ஆலுவாவில் கமாண்டர் விஜய் வர்மா ஓட்டிய கடற்படை ஹெலிகாப்டர், பனிக்குடம் உடைந்த ஒரு பெண்ணை மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் தூக்கியது. அன்றைக்கே குழந்தை பிறந்தது. எந்த மீன்படகும் அதைச் செய்திருக்க முடியாது. அவரவர் கையில் இருப்பது அவரவர் வேலைக்கு. ஆனால் எண்ணிக்கை என்று வரும்போது, பக்கத்தில் இருப்பவரே அதிகம் பேரைக் காப்பாற்றுகிறார். 2015இல் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முதலில் வந்த படகுகளில் பல, நம் கடற்கரைக் குப்பங்களிலிருந்து வந்த ஃபைபர் படகுகள்தான்.

இப்போது ஹெலிகாப்டரின் விலை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து, விமானப்படை உதவிக்கான பாக்கி என்று பாதுகாப்புத் துறையின் கடிதம் கேரளத்துக்கு வந்தது. 2006 முதல் சேர்ந்த நிலுவை உட்பட மொத்தம் 132 கோடியே 62 லட்சம் ரூபாய். வயநாட்டில் முதல் நாள் பறந்ததற்கு மட்டும் 8 கோடியே 91 லட்சம். விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. இத்தனை ஆண்டுக்கு முந்தைய பாக்கியை இந்தத் துயரத்தின் நடுவில் ஏன் நீட்ட வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

பில் போடுவது புது வழக்கம் இல்லை. சிவில் நிர்வாகத்துக்குச் செய்யும் உதவிக்குச் செலவைத் திரும்பப் பெறும் விதி பழையது. பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எரிபொருளுக்கும் விமானப்படை கணக்குச் சொல்லியாக வேண்டும். கணக்கு எழுதுவது சரி. அந்தக் கணக்கை ஒரு மாநிலத்திடம் வசூலிக்க நீட்டுவது தவறு என்பது என் எண்ணம். அந்த ஹெலிகாப்டரை வாங்கிய பணத்தில் வயநாட்டுத் தோட்டத் தொழிலாளி கட்டிய வரியும் இருக்கிறது. ஒரே சேவைக்கு இரண்டு முறை பணம் கேட்கக் கூடாது.

தமிழ்நாட்டுப் பக்கத்தையும் எழுதுவோம். 2023-24இல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தமிழ்நாட்டின் ஆண்டு ஒதுக்கீடு 1,200 கோடி ரூபாய்; மத்திய அரசின் பங்கு 900, மாநிலத்தின் பங்கு 300. அதே ஆண்டு நாட்டின் பாதுகாப்புப் பட்ஜெட் 5,93,538 கோடி. 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,626 கோடி. ஏழரைக் கோடி மக்களின் ஒரு வருஷத்துப் பேரிடர் நிதி, நாட்டின் ஒரு நாள் பாதுகாப்புச் செலவைவிடக் குறைவு. பாதுகாப்புச் செலவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லையும் வேண்டும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அடுத்த இரண்டு வாரத்தில் தென்மாவட்ட வெள்ளமும் வந்தன. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொள்ள, ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்கள் விழுந்தன. இரண்டுக்கும் சேர்த்துத் தமிழக அரசு கேட்டது 37,907 கோடி. 2024 ஏப்ரலில், வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு, மத்திய அரசு விடுவித்தது 276 கோடி. நூறு ரூபாய் கேட்ட இடத்தில் 73 பைசா.

மிக்ஜாமில் கிண்டிக்குத் தனியாக ஒரு பக்கம் உண்டு. கிண்டியையும் வேளச்சேரியையும் இணைக்கும் ஐந்து ஃபர்லாங் சாலையில், கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம் டிசம்பர் 4 காலையில் சரிந்தது. இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள். மீட்புப் படையும் தீயணைப்புத் துறையும் பம்பு பம்பாக வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். உடல்கள் கிடைத்தது 8ஆம் தேதி. ஐந்து ஃபர்லாங் என்றால் ஒரே ஒரு கிலோமீட்டர். நாடு முழுவதும் பேரிடருக்குப் போகும் படை, நகரத்தின் நடுவில் ஒரு குழிக்குள் நான்கு நாள் போராடியது.

அந்தச் சாலையை ஒட்டிய குதிரைப் பந்தயத் திடல் 160.86 ஏக்கர். 1946இலிருந்து அதற்கு ஆண்டுக் குத்தகை 614 ரூபாய்ச் சொச்சம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைக் கையகப்படுத்தியது. வெள்ளத் தண்ணீரை வாங்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் அதன் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2015இல் மீனம்பாக்கத்தில் பெய்தது போல மறுபடி பெய்தால் அந்தத் திடலின் மேல் மட்டும் 22 கோடி லிட்டர் விழும். அது 2015இல் செம்பரம்பாக்கம் வெளியே விட்ட தண்ணீரில் நாலரை நிமிடத்து அளவு. குளங்கள் அக்கம்பக்கத்துத் தெருக்களைக் காப்பாற்றும். ஆறு ஏறினால் படகுதான் வேண்டும்.

31 மணி நேரம்

ராணுவத் தலைமை என்றால் தளபதிகளின் பெயர்களைச் சொல்வது வழக்கம். தமிழர்களுக்குச் சொல்லப் பெயர்கள் உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதி. செங்கல்பட்டில் பிறந்த கிருஷ்ணசுவாமி சுந்தர்ஜி, 1986 முதல் 1988 வரை. சுந்தரராஜன் பத்மநாபன் 2000 செப்டம்பர் இறுதி முதல் 2002 முடியும் வரை. அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் 2001 குடியரசு தின காலையில் குஜராத்தின் பூஜ் இடிந்தது, 13,800 பேருக்கு மேல் இறந்தார்கள், இடிபாடுகளுக்குள் ராணுவம் இறங்கியது. பத்மநாபன் 2024 ஆகஸ்டில் சென்னையில் காலமானார்.

ஆனால் பேரிடரில் தலைமை என்பது பெரும்பாலும் ஒரு மேஜரின் அளவில் நடக்கிறது. வயநாட்டில் சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலம் போய்விட்டது. அக்கரையில் மனிதர்கள், இக்கரையில் மண் அள்ளும் இயந்திரங்கள். பெங்களூரிலிருந்து மதராஸ் சாப்பர்ஸ் வந்தார்கள். கொண்டுவந்தது பெய்லி பாலம். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி வடிவமைத்தது. பத்தடி நீள இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து தூக்கலாம். கிரேன் இல்லாத இடத்திலும் ஆள் பலத்தில் கோர்த்துக்கொண்டே போகலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

சூரல்மலைப் பாலம் 190 அடி. பத்தடிச் சட்டங்களின் 19 கோர்வை. தாங்கும் எடை 24 டன். கீழே மழையில் பொங்கும் ஆறு, சுற்றிலும் சேறும் வேரோடு வந்த மரங்களும். 31 மணி நேரத்தில் முடித்தார்கள். ஆகஸ்ட் 1 மாலை முதல் வண்டி அக்கரைக்குப் போனது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஆறடி. ஒரு மனிதனின் உயரம்.

அந்த வேலையை நடத்தியவர் மேஜர் சீதா ஷெல்கே. மகாராஷ்டிரத்தின் அன்றைய அகமதுநகர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண். 2012இல் அதிகாரியாகி வெளியே வந்தது நம் பரங்கிமலை அகாடமியிலிருந்து. 1992இல் 25 பெண்களோடு திறந்த அதே வாசல். ஊடகங்கள் அவரைத் தனியாகப் புகழ்ந்தபோது, நான் இங்கே பெண்ணாக நிற்கவில்லை, படைவீரராக நிற்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். நங்கநல்லூர் சாலை ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பயிற்சித் திடலைப் பார்க்கிறேன். கிண்டியின் பேரேட்டில் வரவு என்ற பத்தியில் எழுத எனக்கு இதைவிடப் பெரிய எண் கிடைக்கவில்லை: 190 அடி.

வார்டுக்கு ஒன்று

பாலம் கட்ட மதராஸ் சாப்பர்ஸ் வேண்டும். மொட்டைமாடியிலிருந்து தூக்க ஹெலிகாப்டர் வேண்டும். ஈக்காட்டுத்தாங்கல் தெருவிலிருந்து ஒரு பாட்டியை மேட்டுக்குக் கொண்டுவர இரண்டும் வேண்டாம். ஒரு படகும், அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும், தெரு தெரிந்த ஒருவரும் போதும்.

தெரு தெரிந்தவருக்குப் பயிற்சி தரத் திட்டம் இருக்கிறது. ஆப்தா மித்ரா என்று பெயர். 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள், 369 கோடியே 41 லட்சம் ரூபாய். ஆளுக்கு ஏறத்தாழ 37,000. வயநாட்டு முதல் நாள் ஹெலிகாப்டர் செலவில் 2,400 பேரைத் தயார் செய்யலாம். படகுகளைப் பொறுத்தவரை, 2024 பருவமழைக்கு முன் மாநகராட்சி சொந்தமாகச் சிலவற்றை வாங்கியது. மீனவர் படகுகளையும் தாழ்வான இடங்களில் கொண்டுவந்து நிறுத்தியது. இது ஒவ்வோர் அக்டோபரிலும், செய்தியாளர்கள் கேட்காமலே, நடக்க வேண்டிய காரியம்.

சென்னையில் 200 வார்டுகள். வார்டுக்கு ஒரு மீன்படகு என்று வைத்து, கேரளம் கொடுத்த 3,000 ரூபாயையே வாடகையாக வைத்து, மழை கனக்கும் பத்து நாளுக்குத் தயாராக நிறுத்தினால் 60 லட்சம் ரூபாய். டீசல் தனி. அந்த வாடகை அடையாற்று முகத்துவாரத்துக் குப்பங்களுக்கு, கடலுக்குப் போக முடியாத புயல் நாட்களில் போய்ச் சேரும். ஊரூர் குப்பமும் ஓடைமாநகரும் திருவான்மியூர்க் குப்பமும் அடையாற்றுக்குத் தெற்கே இருக்கின்றன. அங்கிருந்து மத்திய கைலாஷ் வழியாக சர்தார் படேல் சாலையைப் பிடித்தால், மறைமலை அடிகள் பாலம் மூடியிருந்தாலும், ஆற்றைக் கடக்காமலே கிண்டிக்கு வந்துவிடலாம். படகை ஏற்றிய லாரிக்கு அது ஏழெட்டு கிலோமீட்டர்.